சிறிய அறைகளில் சோதனை இசை: அடுத்தடுத்துக் கேட்டதில் கற்றவை

சோதனை இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு மட்டும் போய் வருபவர் பெரும்பாலும் ‘பிடித்தது’ என்றோ ‘பிடிக்கவில்லை’ என்றோ ஒரு முடிவோடு திரும்புகிறார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு வழியும் இல்லை. காதில் விழுந்ததில் கலைஞர் தீர்மானித்துச் செய்தது எது, கருவி தன் போக்கில் செய்தது எது, அந்த அறையின் சுவரும் கூரையும் சேர்த்துவிட்டது எது என்பதை ஒரே ஓர் இரவைக் கொண்டு பிரித்தறிய முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் அறை வேண்டும், இன்னொரு கலைஞர் வேண்டும், அதே கலைஞரின் இன்னோர் இரவும் வேண்டும். முந்தைய நிகழ்ச்சியின் ஓசை நினைவில் பசுமையாக இருக்கும்போதே அடுத்ததைக் கேட்டால்தான் அந்த ஒப்பீடு நடக்கும். சிறிய அரங்குகளில் நடந்த இண்டி இசை, சோதனை இசை நிகழ்ச்சிகளை ஒரு பருவம் முழுவதும் அதிக இடைவெளி விடாமல் கேட்டு வந்தேன். அந்தத் தொடர்ச்சி எனக்குக் கொடுத்தது இந்தப் பிரித்தறியும் பழக்கத்தைத்தான். அதை எப்படிப் பெறலாம், அதற்கிடையே காதையும் உடம்பையும் எப்படிக் காத்துக்கொள்ளலாம் என்பதை இயன்றவரை விரிவாக எழுதுகிறேன்.

இண்டி என்று பொதுவாகச் சொல்லப்படுவது, பெரிய பதிவு நிறுவனங்களைச் சாராமல் தாங்களே பாடல் எழுதி, தாங்களே பதிவுசெய்து வெளியிடுகிறவர்களின் இசை. கிடார், பேஸ், டிரம்ஸ், குரல் என்று பழகிய வடிவமே அதில் பெரும்பாலும் இருக்கும். சோதனை இசையில் அந்த வடிவமே கேள்விக்கு உள்ளாகிறது. இயந்திரங்களின் இரைச்சலும் இசைக்குரிய பொருளே என்று இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ அறிக்கை எழுதி, அதற்கென்றே கருவிகள் செய்யத் தொடங்கியது 1913-இல். பதிவான ரயில் ஓசைகளைக் கொண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷெஃபர் இசையமைத்துப் பிரெஞ்சு வானொலியில் ஒலிபரப்பியது 1948-இல். எழுதி வைத்த இசை எதுவும் இல்லாமல், ஒருவரையொருவர் கேட்டபடியே வாசிப்பதைத் தன் முழு வேலையாக ஏற்ற ஏ.எம்.எம். குழு இலண்டனில் உருவானது 1965-இல். ஆகவே ஏதோ நேற்று முளைத்த கிறுக்குத்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இந்த இரண்டு வகையும் வெவ்வேறு உலகங்கள் என்று தோன்றலாம். ஆனால் அவை நடக்கும் அறைகள் ஒன்றே, ஒலியமைக்கும் ஆட்கள் ஒன்றே, பல சமயங்களில் ஒரே மாலையில் இரண்டுக்கும் இடம் உண்டு.

முதலில் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் கேட்பவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பது அதைத்தான். பெரிய அரங்கில் ஒலிபெருக்கிகளே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சில பத்துப் பேர் மட்டும் கொள்ளும் அறையிலோ, டிரம்ஸும் கிடார் ஆம்ப்ளிஃபயரும் எழுப்பும் ஓசை எந்த ஒலிபெருக்கியின் தயவும் இல்லாமல் நேராகக் காதுக்கு வந்துவிடும். ஓசைகளைக் கலந்து அளவைச் சரிசெய்யும் மிக்ஸர் முன் நிற்கும் சவுண்ட் இன்ஜினியரின் கையில் எஞ்சியிருப்பது பாடுபவரின் குரலும் இன்னும் ஓரிரு கருவிகளும்தான். டிரம்ஸ் அடிப்பவர் எவ்வளவு பலமாக அடிக்கிறாரோ, அதற்கு மேல் குரலை ஏற்றுவதைத் தவிர இன்ஜினியருக்கு வேறு வழியில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் ஏற்றினால் மைக்கும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று ஊட்டி ஃபீட்பேக் என்னும் ஊளை கிளம்பும். ‘குரல் கேட்கவே இல்லை’ என்ற குறையை இத்தகைய இரவுகளில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். பழியை மிக்ஸர் பக்கம் தள்ளுவதற்கு முன், டிரம்ஸுக்கும் நமக்கும் இடையே எத்தனை அடி இருக்கிறது என்று பார்ப்பது நியாயம்.

அறை இசையை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதையே இசையாக்கியவர்கள் உண்டு. 1969-இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் தன் பேச்சை நாடாவில் பதிவுசெய்து, அதை அறைக்குள் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவுசெய்து, அந்தப் பதிவை மீண்டும் அங்கேயே ஒலிக்கவிட்டு என்று தொடர்ந்தார். ஒவ்வொரு சுற்றிலும் அறைக்கு இசைவான அதிர்வெண்கள் வலுத்தன, மற்றவை தேய்ந்தன; கடைசியில் சொற்கள் முழுவதும் கரைந்து, அறை தன் இயல்பில் முழங்கும் சுரங்கள் மட்டும் நின்றன. 1988-இல் அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸும் அவருடைய நண்பர்களும் வாஷிங்டன் மாநிலத்தில் நிலத்துக்கு அடியில் இருந்த பெரிய நீர்த்தொட்டி ஒன்றில் இறங்கி வாசித்தார்கள். அங்கே எழுப்பிய ஓசை அடங்க ஏறத்தாழ 45 நொடிகள் ஆயின. ஒருவர் வாசித்துவிட்டு நிறுத்திய சுரம் இன்னும் அங்கேயே இருக்க, அதன் மேல்தான் அடுத்த சுரத்தை வைக்க முடியும் என்னும்போது, வாசிக்கும் வேகத்தைத் தீர்மானிப்பது அந்தத் தொட்டிதான்.

இவ்வளவு தீவிரமாக இல்லாவிட்டாலும், சாதாரண அறையிலும் இதே விதிகள்தான் வேலை செய்கின்றன. ஒரே கலைஞரைச் சில நாட்கள் இடைவெளியில் இரண்டு அறைகளில் கேட்டபோது இது எனக்கு ஐயமறத் தெளிந்தது. முதல் அறையில் தரை சிமெண்ட், சுவர் செங்கல், கூரை தாழ்வு. இரண்டாவதில் கனத்த திரைகளும் மரத் தரையும். சிமெண்ட் அறையில் அவர் ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் காத்திருந்தார். திரை போட்ட அறையில் காத்திருக்கவில்லை, இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே போனார். நிதானமானவர் என்றோ பதற்றமானவர் என்றோ அவரைப் பற்றி ஒரே இரவில் முடிவு கட்டியிருந்தால், இரண்டும் பிழையாகவே இருந்திருக்கும். அவர் இரண்டு இரவும் செய்தது ஒன்றுதான்: முந்தைய ஓசை அடங்கும் நேரம் பார்த்து அடுத்ததை எழுப்பினார்.

ஆட்கள் நிறைவதும் அறையை மாற்றும். மனித உடலும் உடையும் உயர்ந்த அதிர்வெண்களை நன்றாக உறிஞ்சும், பேஸ் எனப்படும் தாழ்ந்த ஓசையை அந்த அளவுக்கு உறிஞ்சுவதில்லை. மாலையில் காலி அறையில் செய்த சவுண்ட் செக் என்னும் ஒலிச் சரிபார்ப்பு இரவில் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முதலில் வாசிப்பவர் பாதி காலியான அறையில் கூர்மையாகவும் எதிரொலியோடும் கேட்பார். கடைசியில் வாசிப்பவர் நிறைந்த அறையில் மங்கலாகவும் அடர்த்தியாகவும் கேட்பார். இந்த வேறுபாட்டைக் காதால் உணர வேண்டுமானால் முதல் ஆள் வாசிக்கத் தொடங்கும் முன்பே அங்கே இருக்க வேண்டும். சோதனை இசையைப் பொறுத்தவரை, பெயர் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் அந்த முதல் ஆளே அன்றைய இரவில் நம்மை அதிகம் அசைத்தவராக இருப்பதும் அரிதன்று.

எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்பதற்கு ஒரே விடை கிடையாது; ஆனால் சிந்தித்து இடம் பிடிப்பதற்கும் கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பேஸ் அலைகள் நீளமானவை. 50 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அவை சுவர்களின் அருகிலும், அதைவிட மூலைகளிலும் திரண்டு நிற்கும். பின்சுவரில் சாய்ந்து நிற்பவருக்கு எல்லாமே உறுமலாகக் கேட்பது இதனால்தான். இரண்டடி முன்னே வந்தாலே தெளிவு கூடும். இரண்டு பக்க ஒலிபெருக்கிகளுக்கும் நடுவே, மிக்ஸருக்குச் சற்று முன்னால் நின்றால், ஒலியமைப்பவர் தன் காதுக்கு ஏற்பச் சரிசெய்த கலவை ஏறத்தாழ அப்படியே கிடைக்கும். பாடல் சார்ந்த இண்டி குழுக்களுக்கு அந்த இடமே சிறந்தது என்பது என் எண்ணம். தனி ஆளாக மேசைமேல் கருவிகளைப் பரப்பி வாசிப்பவர் என்றால், ஒலிச் சமநிலை சற்றுக் கெட்டாலும் பரவாயில்லை என்று, அவர் கைகள் தெரியும் இடத்துக்குப் போய்விடுவேன்.

இடம் என்பது எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதை மிக அருகில் உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். வாசித்தவரிடம் இருந்தவை தூய அலைகளை எழுப்பும் இரண்டு சிறிய மின்கருவிகள் மட்டுமே. ஒன்று தாழ்ந்த சுரம், இன்னொன்று அதற்கு வெகுமேலே, விசில் போல மெல்லியது. அவர் இரண்டையும் ஒலிக்க வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். முதலில் எதுவும் நகரவில்லை. பிறகு பக்கத்தில் இருந்தவருக்கு வழிவிட நான் சற்றுச் சாய்ந்தபோது மேல் சுரம் அணைந்துவிட்டது. நிமிர்ந்தால் திரும்ப வந்தது. தலையை மெதுவாக வலமிருந்து இடமாக நகர்த்தினேன்: வந்தது, தேய்ந்தது, மறுபடி வந்தது. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 1,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 34 சென்டிமீட்டர். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து அறைக்குள் அசையாத மேடுபள்ளங்களை உண்டாக்குகின்றன. ஓசை மிகும் புள்ளிக்கும் ஒடுங்கும் புள்ளிக்கும் இடையே இருப்பது அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது எட்டரை சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவான தூரம். சற்று நேரத்தில் அறை முழுவதும் தலைகள் மெல்ல அசையத் தொடங்கின. ஒவ்வொருவரும் தத்தம் கழுத்தாலேயே ஒரு மெட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேருக்கு ஒரே மெட்டு இருந்திருக்காது. கலைஞர் அந்த நேரம் முழுவதும் கருவியைத் தொடவே இல்லை. கலைஞர் செய்ததையும் அறை செய்ததையும் பிரித்தறிவது பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். அந்த இரவில் கேட்பவர் செய்வது என்று இன்னொன்றும் அதனோடு சேர்ந்துகொண்டது.

அடுத்து, காது. தொடர்ந்து நிகழ்ச்சிகளுக்குப் போக நினைப்பவர் இதில் எந்தச் சமரசமும் செய்துகொள்ளக் கூடாது. அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி என்று குறைந்துகொண்டே போய், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். இந்தக் கணக்கு தொழிலாளர்களுக்காகப் போடப்பட்டது என்றாலும் காது எல்லாருக்கும் ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கென வெளியிட்ட தரநிலையில், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், அரங்கில் ஓய்வெடுக்க அமைதியான ஓர் இடம் இருக்க வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. சிறிய அறையில் முழு வேகத்தில் வாசிக்கும் டிரம்ஸும் இரைச்சல் இசையும் அந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும்.

ஆகவே காதடைப்பான் இல்லாமல் நான் கிளம்புவதே இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் உயர்ந்த ஓசைகளை அதிகமாகவும் தாழ்ந்தவற்றைக் குறைவாகவும் தடுப்பதால், கம்பளத்துக்கு அடியிலிருந்து இசை வருவதாகத் தோன்றும். எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும் வகை ஒன்று உண்டு. 1980-களின் இறுதியில் எட்டிமோட்டிக் நிறுவனம் இசைக்கலைஞர்களுக்காகக் கொண்டுவந்த வடிகட்டி அடைப்பான்கள் இந்த வகைக்கு வழிவகுத்தன. இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. அவற்றை அணிந்தால் இசையின் உருவம் கெடாமல் அளவு மட்டும் குறையும். இரைச்சல் மிகுந்த இடங்களில் அணியாமல் கேட்பதைவிட அணிந்து கேட்பதே தெளிவு என்பதையும் கண்டேன், ஏனெனில் காது திணறும்போது நுண்ணிய வேறுபாடுகள் எல்லாம் ஒரே சுவராகிவிடுகின்றன. நிகழ்ச்சி தொடங்கும் முன்பே, அமைதியில், காதின் மேல்நுனியைப் பின்னுக்கு இழுத்து அடைப்பானை ஆழமாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். பாதியில், வலிக்கத் தொடங்கிய பிறகு பொருத்துவதில் பயன் குறைவு. பொருத்திய பின் நாம் பேசும் குரல் நமக்கே தலைக்குள் முழங்கினால் சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று பொருள்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும் காதுக்குள் ரீங்காரம் கேட்டாலோ, மற்றவர் பேச்சு பஞ்சடைத்ததுபோல் இருந்தாலோ, காது தன் எல்லையைத் தாண்டியிருக்கிறது. அடுத்த நாள் நுழைவுச்சீட்டு கையில் இருந்தாலும் போகாமல் அமைதியில் இருப்பதே முறை. ரீங்காரம் சில நாட்களில் அடங்காவிட்டாலும், கேட்கும் திறன் திடீரெனக் குறைந்தாலும், காது மருத்துவரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும். இதையொட்டியே என் அட்டவணையையும் அமைத்துக்கொண்டேன். இரைச்சல் மிகுந்த ஓர் இரவுக்கு மறுநாள் அமைதியான நிகழ்ச்சியோ ஓய்வோ இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். இது காதுக்கு நல்லது என்பதோடு கேட்பதற்கும் நல்லது. முந்தைய இரவு பெரும் ஓசையில் இருந்த காது, மறுநாள் ஒரு வயலின் வில்லின் மயிர் கம்பியில் உரசும் ஓசைக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும்போது கிடைக்கும் கூர்மை தனி.

நேரம் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நாற்பது நிமிடம் ஒரே சுருதியில் நிற்கும் இசைக்கு முதன்முறை வருபவர் திணறுவது இயல்பு. தம்புராவின் சுருதியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு: நிலையாக நிற்பதாகத் தோன்றும் நாதத்துக்குள் மேற்சுரங்கள் எழுந்தும் அமிழ்ந்தும் கொண்டே இருக்கும் என்பதை அவர்கள் காது ஏற்கெனவே அறியும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே அந்தச் சுருதியின்மேல் பாட யாரும் வரப்போவதில்லை, அதுவே கச்சேரி. முதல் பத்து நிமிடம் மனம் வெளியேதான் அலையும், அதை அடக்கப் போராட வேண்டியதில்லை. ஒரே ஓர் இழையை மட்டும், அடியிலிருந்து மூன்றாவதாகக் கேட்கும் சுரம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனால் போதும். எனக்கு இந்த முறை பெரும்பாலும் கைகொடுத்தது. கைகொடுக்காத இரவுகளும் உண்டு. எல்லா நீண்ட இசையும் நல்ல இசை ஆகிவிடாது. நீளத்தையே தகுதியாக முன்வைத்த சில நிகழ்ச்சிகளில், உள்ளே எதுவும் நடக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பிந்தைய நாட்களில் காது தேறியிருந்தது.

கருவிகளைத் தெரிந்துகொண்டு கேட்பது அவசியமா என்று கேட்பவர்கள் உண்டு. அவசியமில்லை, ஆனால் கலைஞரின் தீர்மானம் எங்கே இருக்கிறது என்பதைக் காண அது உதவும். ஜப்பானியக் கலைஞர் தொஷிமாரு நகாமுரா 1990-களிலிருந்து செய்துவருவது போல, மிக்ஸரின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகி, வெளியிலிருந்து எந்த ஓசையும் இல்லாமல் அதன் சொந்த ஃபீட்பேக்கை வாசிப்பவர்கள் பலர் இன்று இருக்கிறார்கள். அப்படி ஒரு வாசிப்பை மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தேன். ஒரு குமிழைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்திருந்தார். திருகியதாகவே தெரியவில்லை, நகக்கண் வெளுத்ததை வைத்துத்தான் அழுத்தம் கொடுக்கிறார் என்று தெரிந்தது. சீரான இரைச்சல் ஒன்று இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மேலே ஏறி, துடித்துத் துடித்து நின்றது. அவர் புருவம் உயர்ந்தது. அந்தத் துடிப்பை அவர் உண்டாக்கவில்லை, அவருக்குக் கிடைத்தது. ஆனால் அதை அப்படியே நெடுநேரம் விட்டுவைத்ததும், பிறகு ஒரே அசைவில் அறுத்ததும் அவர் முடிவு. இந்த வகை இசையில் திறமை என்பது பெரும்பாலும் அந்த விட்டுவைத்தலிலும் அறுத்தலிலும் இருக்கிறது.

தனித்தனித் தொகுதிகளைக் கம்பிகளால் இணைத்து மின்னணு ஓசை எழுப்பும் மாடுலர் சிந்தசைசரும் இப்படியே. 1960-களில் ராபர்ட் மோகும் டான் புக்லாவும் தனித்தனியே உருவாக்கிய இந்தக் கருவி, 1990-களில் டீட்டர் டோப்ஃபர் வகுத்த யூரோராக் என்னும் சிறிய அளவுமுறைக்குப் பிறகு ஒரு பெட்டியில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சுருங்கி, சிறிய மேடைகளுக்கு வந்துவிட்டது. எந்தக் கம்பி எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பார்த்துப் புரிந்துகொள்ள முயல வேண்டாம், அது முடியாது. கம்பியைக் கழற்றும் நொடியை மட்டும் கவனித்தால் போதும். கழற்றிய பின் அதே ஓசைக்குத் திரும்புவது ஏறக்குறைய இயலாது என்பதால், கழற்றுவது என்பது கலைஞர் எடுக்கும் பெரிய முடிவு. கிடாரை மேசைமேல் கிடத்தி, சிறு விசிறியும் உலோகத் துண்டுகளும் கொண்டு வாசிப்பவர்களையும் கேட்டேன், ஏ.எம்.எம். குழுவின் கீத் ரோ தொடங்கி வைத்த வழி அது. அங்கே பார்க்க வேண்டியது வலது கையால் இயக்கும் ஒலியளவுப் பெடலை, கம்பியை அன்று.

உடனுக்குடன் புனைந்து வாசிப்பவர்களின் நிகழ்ச்சி என்றால், வாய்ப்புக் கிடைக்கும்போது அதே கலைஞரை இரண்டு இரவு கேட்பதையே நான் வலியுறுத்துவேன். இலண்டனில் 2008-இல் தொடங்கிய கஃபே ஓட்டோ போன்ற அரங்குகள் ஒரே கலைஞருக்குத் தொடர்ச்சியாகச் சில இரவுகள் கொடுப்பதில் பொருள் இருக்கிறது. முதல் இரவில் புதுமை என்று வியந்தவற்றில் சில, இரண்டாம் இரவில் அதே இடத்தில் அதே முறையில் வரும். அவை அவருடைய பழக்கங்கள். மற்றவை வராது. வராதவற்றில்தான் அந்த முதல் இரவு இருந்தது என்று பிறகு தெரியும். மூன்று பேர் சேர்ந்து வாசிக்கும்போது, அதிகம் ஓசை எழுப்புபவரைப் பார்க்காமல் கையை நிறுத்திவிட்டவரைப் பார்ப்பது நல்லது. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று ஊகித்து, அவர் திரும்ப நுழையும் இடம் ஊகத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்தாலே, இசைக்குள் வந்துவிட்டோம்.

இண்டி குழுக்களைப் பற்றிக் குறைவாகவே எழுதுகிறேன், அவர்களைக் கேட்க இவ்வளவு ஆயத்தம் தேவைப்படாது என்பதால். ஒரே ஒரு பரிந்துரை. அவர்களுடைய பதிவை முன்னதாக ஒருமுறை கேட்டுவிட்டு, பாடல் வரிகளையும் படித்துவிட்டுப் போவது நல்லது. குரல் ஓசையில் அமிழ்ந்தாலும் மனம் சொற்களை மீட்டுக்கொள்ளும். சோதனை இசைக்கு இதற்கு நேர்மாறாக, முன்னதாக எதையும் கேட்காமல் போகவே விரும்புகிறேன்.

அரங்கில் நடந்துகொள்ளும் முறை சோதனை இசையில் வெறும் நாகரிகம் பற்றியது அன்று. அறையின் ஓசை எல்லாமே இசையில் சேர்வதால், நாற்காலி கிறீச்சிடுவதும் சட்டைப்பை சரசரப்பதும் அனைவர் காதிலும் விழும். கைபேசியை அதிர்வில் வைத்தால் போதாது, மேசைமேல் அது அதிரும் ஓசை ஒரு மெல்லிய வாசிப்பையே மறைத்துவிடும், அணைத்துவிட வேண்டும். வெளியேற வேண்டுமானால் இரண்டு கலைஞர்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் தாராளமாக வெளியேறலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. ஓசை முடிந்துவிட்டது என்று தோன்றிய உடனே கைதட்டுவதைத் தவிர்த்து, கலைஞரின் தோள் தளரும்வரை காத்திருப்பது நல்லது. ஒளி வேகமாக மின்னும் நிகழ்ச்சிகள் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தானவை என்பதால், அவர்களும் அவர்களோடு வருபவர்களும் அரங்கத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது கட்டாயம். இரவு முழுவதும் நிற்க வேண்டியிருக்கும் இடங்களுக்குக் கெட்டியான அடிப்பாகம் உள்ள காலணி உதவும். கால் வலித்தால் காது வேலை செய்யாது.

குறிப்பெடுப்பது இந்தத் தொடர்ச்சிக்கு உயிர். நிகழ்ச்சி நடக்கும்போது எழுத வேண்டாம். திரும்பும் வழியில், யாரிடமும் பேசும் முன், சில வரி எழுதினால் போதும். நன்றாக இருந்தது, சுமாராக இருந்தது போன்ற சொற்களைத் தவிர்த்து, எது எப்போது மாறியது என்று மட்டும் எழுதுவேன். ‘பாதிக்கு மேல் பேஸ் நின்றது, நின்ற பிறகுதான் அது இருந்ததே தெரிந்தது. இடது ஒலிபெருக்கியில் மட்டும் மூச்சு. சுவர் அருகே நின்றேன், தாழ்ந்த சுரங்கள் கூடுதல்’ என்பது ஒரு நாள் குறிப்பு. இப்படி எழுதிய பக்கங்களை வரிசையாகப் படிக்கும்போது, என் ரசனை எங்கே திரும்பியது என்பதைப் பெயர்களும் மதிப்பெண்களும் காட்டியிருக்க முடியாத தெளிவோடு காண முடிந்தது. குரல் இல்லாத இசைக்கு நான் நகர்ந்திருந்தேன்; இசைக்கருவியின் ஓசையைவிட அதைத் தொடும் பொருளின் ஓசை எனக்கு முக்கியமாகியிருந்தது.

பணம் பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மையாகாது. இந்தக் கலைஞர்களில் பெரும்பாலோர் வேறு வேலை செய்துகொண்டே இதைச் செய்கிறார்கள். இணையத்தில் இசை கேட்கும் தளமான ஸ்பாட்டிஃபை 2024 முதல், 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பதிவுக்குப் பதிவுரிமைத் தொகை கணக்கிடுவதில்லை. சோதனை இசையின் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடும், கேசட், வினைல் போன்ற பொருட்களில் 10 விழுக்காடும் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்னும் குறிப்பிட்ட நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுவிடுகிறது. எல்லாவற்றையும்விட நேரானது, நிகழ்ச்சி முடிந்ததும் அறையின் மூலையில் விரித்திருக்கும் மேசையில் வாங்குவது. இசைக்கலைஞர் ஜான் ஸோர்ன் 2005-இல் நியூயார்க்கில் தொடங்கிய தி ஸ்டோன் அரங்கில் நுழைவுக் கட்டணம் முழுவதும் கலைஞர்களுக்கே போனது. எல்லா அரங்கமும் அப்படி இயங்க முடியாது என்றாலும், கட்டணம் யாருக்கு எவ்வளவு போகிறது என்று அரங்கத்தாரிடம் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. நன்றாக நடத்துபவர்கள் மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள்.

அந்த மேசை அருகே கலைஞர்களிடம் பேசவும் முடியும். ‘அருமை’ என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்காது. ‘அந்த உலோகத் தகடு நடுவில் மௌனமானது நீங்கள் செய்ததா, தானாக நின்றதா’ என்று கேட்டால் முகம் மலர்ந்து கால்மணி நேரம் பேசுவார்கள். அவர்கள் யாருடைய நிகழ்ச்சிக்குப் போகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்வேன். அடுத்து எங்கே போவது என்பதற்கு எந்த விளம்பரத்தைவிடவும் அந்தப் பதில் நம்பகமானது. இசைவகையின் பெயரைப் பின்தொடர்ந்தால் ஒரே ஓசை திரும்பத் திரும்பக் கிடைக்கும், ஆட்களைப் பின்தொடர்ந்தால் அவர்கள் அழைத்துச் செல்லும் இடமெல்லாம் போகலாம். மூவர் குழு ஒன்றில் பெரும்பாலான நேரம் வாசிக்காமலேயே இருந்த டிரம்பெட் கலைஞர் ஒருவர், அடுத்த பருவத்தில் தனியாக வாசிக்கவிருக்கிறார். உயர்ந்த கூரையும் கல் தரையும் உள்ள மண்டபம் என்று அறிவித்திருக்கிறார்கள். முதல் பாதியைப் பின்வரிசையிலும் இரண்டாம் பாதியை அவருக்கு மிக அருகிலும் கேட்கலாம் என்றிருக்கிறேன்.